ஒலிப்பதிவுக்கு எந்த சாம்பிள் ரேட்? புதிதாகத் தொடங்குவோருக்கு

அவசரமாகத் தேடி வந்தவர்களுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பாட்டு, பாட்காஸ்ட், குறும்படம், கச்சேரி எதுவானாலும் இந்த அமைப்பில் பதிவு செய்தால் பிற்பாடு வருந்த வேண்டியிருக்காது. இதைவிடப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சில சமயம் உண்மையான காரணம் இருக்கும், பெரும்பாலும் இருக்காது. ஆனால் எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அதைப் பதிவுக்கு முன்பே முடிவு செய்து, கடைசி வரை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். புதியவர்களின் பதிவுகள் கெட்டுப்போவது குறைவான சாம்பிள் ரேட்டால் அல்ல. ஒரே வேலைக்குள் இரண்டு சாம்பிள் ரேட்டுகள் கலந்துவிடுவதால்.

அந்த எண் எதைச் சொல்கிறது

மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தை ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதே சாம்பிள் ரேட். 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 48,000 அளவீடுகள். அளக்கும் வேகத்தில் பாதி வரையுள்ள அதிர்வெண்களைத்தான் பதிய முடியும். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் இதற்கு அடித்தளமிட்டார்; கிளாட் ஷானன் 1949இல் கணித நிறுவலோடு எழுதினார். ஆக, 48 கிலோஹெர்ட்ஸில் 24 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவாகும். மனிதக் காதின் எல்லை ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் கீழே இறங்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் கட்டாயம் உடைக்க வேண்டும். பல விளக்கப் படங்களில் டிஜிட்டல் ஒலியைப் படிக்கட்டு போல வரைந்து, சாம்பிள் ரேட் கூடினால் படிகள் சிறிதாகி ஒலி வழுவழுப்பாகும் என்று காட்டுவார்கள். அது உண்மை அல்ல. பாதி எல்லைக்குக் கீழே இருக்கும் எந்த அலையையும், இரண்டு அளவீடுகளுக்கு நடுவே அது எப்படி வளைந்ததோ அப்படியே மீட்டெடுக்க முடியும் என்பதுதான் ஷானன் நிறுவியது. திரும்ப ஒலிக்கும்போது வெளிவருவது படிக்கட்டு அல்ல, தொடர்ச்சியான அலை. 96க்குப் போனால் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி இன்னும் துல்லியமாகப் பதிவாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூடுதலாகக் கிடைப்பது 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பவை மட்டுமே.

பாதி எல்லையைத் தாண்டிய ஒலி உள்ளே வந்துவிட்டால் அது மறைந்துவிடாது. மடங்கிக் கீழே வந்து, கேட்கும் எல்லைக்குள் அந்நியச் சுரமாக ஒலிக்கும். இதுதான் ஏலியாசிங். இதைத் தடுக்க இன்டர்ஃபேஸுக்குள் ஒரு வடிகட்டி இருக்கிறது. குறுந்தகட்டின் வீதமான 44.1 கிலோஹெர்ட்ஸில் அந்த வடிகட்டி 20 கிலோஹெர்ட்ஸைத் தொடாமல் விட்டு, 22.05க்குள் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். கிடைக்கும் இடைவெளி 2 கிலோஹெர்ட்ஸ் சொச்சம். 48இல் அந்த இடைவெளி 4 கிலோஹெர்ட்ஸ். எண்ணில் சிறிய வேறுபாடுதான், ஆனால் வடிகட்டிக்கு ஏறக்குறைய இரு மடங்கு இடம் கிடைக்கிறது. 44.1ஐவிட 48ஐ நான் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

44.1 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். 1970களின் இறுதியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்கு இடம் வீடியோ டேப்பில்தான் இருந்தது. ஒலியின் அளவீடுகளைத் தொலைக்காட்சிப் படம் போல மாற்றி, ஒரு வரிக்கு மூன்று அளவீடுகளாக டேப்பில் எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 புலம் (அதாவது பாதிப் படம்), ஒவ்வொன்றிலும் பயன்படும் 245 வரி: 60 × 245 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 50 × 294 × 3, அதுவும் 44,100. இரு முறைகளுக்கும் பொருந்திய இந்த எண்தான் 1982இல் வெளிவந்த குறுந்தகட்டுக்கும் போனது. காதுக்குப் போதுமானதாகவும், அன்றைய டேப் கருவிக்குத் தோதானதாகவும் இருந்ததால் நிலைத்த எண் இது.

முதல் படி: வேலை எங்கே போய் முடியும்?

மென்பொருளைத் திறப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவைத்துவிடுங்கள்.

படத்தோடு சேரப்போகும் எந்த ஒலிக்கும் 48தான். இதில் பேச்சுக்கே இடமில்லை. நொடிக்கு 24 பிரேம் படத்தில் ஒரு பிரேமுக்கு 2,000 அளவீடுகள், 25 பிரேமில் 1,920 என்று 48,000 முழு எண்ணாக வகுபடும். 44,100ஐ 24ஆல் வகுத்தால் 1,837.5 என்று பின்னத்தில் நிற்கும். கேமராக்கள் பதிவதும் 48. திரையரங்குக்குப் போகும் டிஜிட்டல் பிரதியின் தரநிலை ஏற்பதும் 48 அல்லது 96தான். யூடியூப் தன் ஒலியைப் பெரும்பாலும் ஓபஸ் வடிவத்தில் தருகிறது, ஓபஸுக்குள் 44.1 என்ற வீதமே கிடையாது, 48 உண்டு. இன்று பாட்டு வெளியிடுகிற எவரும் அதற்கு ஒரு காணொளியும் செய்கிறார்கள் என்பதால், பாட்டுக்கும் 48இலேயே தொடங்குவது நல்லது.

44.1ஐத் தேர்ந்தெடுக்க நியாயமான இடங்களும் இருக்கின்றன. குறுந்தகடாக மட்டுமே வெளிவரப்போகும் இசைத்தொகுப்பு, 44.1இல் கேட்கும் ஒலிநூல் தளம் (அமேசானின் ஏசிஎக்ஸ் அப்படித்தான் கேட்கிறது), அல்லது ஏற்கெனவே 44.1இல் தொடங்கிவிட்ட ஒரு வேலையில் நீங்கள் பின்னால் சேர்வது. கடைசியாகச் சொன்னது முக்கியம். ஓர் இசையமைப்பாளர் தன் டிராக்குகளை அனுப்பி அதன்மேல் வயலின் வாசித்து அனுப்பச் சொன்னால், உங்கள் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு அவருடைய வீதத்திலேயே பதிவு செய்யுங்கள். சொல்லவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். அது அறியாமை ஆகாது.

இரண்டாம் படி: மூன்று இடங்களிலும் ஒரே எண்

சாம்பிள் ரேட் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒன்று, கணினியின் ஒலி அமைப்பில் ஒன்று, ஒலிப்பதிவு மென்பொருளின் திட்டக் கோப்பில் ஒன்று. மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

மேக் கணினியில் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற செயலியைத் திறந்தால் இன்டர்ஃபேஸின் வீதம் தெரியும். விண்டோஸில் ஒலி அமைப்புகளுக்குள் போய், அந்தக் கருவியின் பண்புகளில் இயல்பு வடிவம் என்ற இடத்தில் இருக்கும். ஏஸியோ டிரைவர் (விண்டோஸில் இன்டர்ஃபேஸை ஒலிப்பதிவு மென்பொருளோடு நேரடியாக இணைப்பது) உள்ள இன்டர்ஃபேஸ் என்றால் அதன் சொந்தப் பலகத்திலும் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பரில் திட்ட அமைப்புகளுக்குள் போய், சாம்பிள் ரேட்டுக்கு முன்னால் உள்ள கட்டத்தில் டிக் செய்து 48000 என்று கொடுங்கள். டிக் செய்யாமல் விட்டால் அது கருவி எந்த வீதத்தில் இருக்கிறதோ அதன் போக்கில் போகும். இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளான புரோ டூல்ஸில் செஷன் (அதன் திட்டக் கோப்பு) தொடங்கும்போது கொடுத்த எண்ணை அதே செஷனுக்குள் மாற்ற முடியாது. வேறு எண் வேண்டுமென்றால் புதிய பிரதியாகத்தான் சேமிக்க வேண்டும். இந்தக் கண்டிப்பு புதியவர்களுக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

இவை ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? நல்வாய்ப்பாக இருந்தால் மென்பொருள் எச்சரிக்கை காட்டும். இல்லையென்றால் ‘டிக் டிக்’ என்ற ஓசை இடையிடையே விழும். மோசமான நிலையில், 44.1இல் பதிந்த கோப்பை மென்பொருள் 48 என்று நம்பி ஓட்டும். அப்போது நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். ஐந்து கட்டை சுருதியில் பாடியது ஐந்தரைக் கட்டையைத் தாண்டி, ஆறு கட்டையை எட்டாமல் நடுவில் நிற்கும். தனியாகக் கேட்டால் சில நேரம் பிடிபடாது, குரல் கொஞ்சம் இளமையாக இருப்பதாகத் தோன்றும். தம்புராவைச் சேர்க்கும்போதுதான் வெடிக்கும். பாட்டு வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்டால் முதலில் பாடகரையோ தம்புராவையோ சந்தேகிக்காமல் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். இறங்கிக் கேட்டால், மாறாக 48இல் பதிந்தது 44.1ஆக ஓடுகிறது.

நீங்கள் பதிவு செய்துகொண்டிருக்கும்போது அதே இன்டர்ஃபேஸைப் பயன்படுத்தும் இணைய உலாவியோ காணொளி அழைப்போ வீதத்தை மாற்றிவிடக்கூடும். பதிவுக்கு முன் அவற்றை மூடிவிடுங்கள். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தவே கூடாது: மைக் இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலான ஹெட்செட்டுகள் தொலைபேசி முறைக்கு மாறி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். திட்டக் கோப்பில் 48 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது தொலைபேசிக் குரல்தான்.

இரண்டு இன்டர்ஃபேஸ்களை டிஜிட்டல் கம்பியால் இணைப்பவர்கள் ஒன்றைத் தலைமைக் கடிகாரமாக வைத்து, மற்றதை அதைப் பின்பற்றச் செய்ய வேண்டும். கச்சேரியைத் தனி ரெக்கார்டரிலும் கேமராவிலும் பதிவு செய்பவர்களுக்கு இதிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டிலும் 48 என்றே இருக்கும். ஆனால் ஒரு கருவியின் கடிகாரமும் மற்றொன்றின் கடிகாரமும் அச்சு அசலாக ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி விலகிவிடும். 25 பிரேம் படத்தில் ஒரு பிரேம் 40 மில்லிநொடி. அதாவது ஏறக்குறைய இரண்டு பிரேம். மிருதங்கத்தின் மேல் விரல் விழுவதும் ஒலி கேட்பதும் ஒத்துப்போகாததைப் பார்வையாளர் உணரத் தொடங்குவார். உருப்படிக்கு உருப்படி வெட்டி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மீண்டும் பொருத்தினால் இது தீரும்.

மூன்றாம் படி: பிட்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஒவ்வோர் அளவீட்டையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதிவைக்கிறோம் என்பதே பிட். 16 பிட் சுமார் 96 டெசிபல் வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) தரும். 24 பிட் கணக்கின்படி 144. நல்ல இன்டர்ஃபேஸ்கள்கூட நடைமுறையில் 120ஐ ஒட்டித்தான் தருகின்றன, ஆனாலும் 24இல் பதிவு செய்யுங்கள். காரணம், ஒலி அளவைப் பயமின்றிக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். பாடகர் மேல்ஸ்தாயியில் எவ்வளவு உரக்கப் பாடினாலும் உச்சம் சிவப்பைத் தொடாதபடி, சாதாரணமாக மைனஸ் 18 டெசிபல் அருகே வைத்தாலும் அடியில் இரைச்சல் ஏறாது. 44.1ஆ 96ஆ என்ற கேள்வியைவிட, 16இலிருந்து 24க்குப் போவதுதான் பதிவின்போது உண்மையான பலன் தருவது.

96, 192: எப்போது தேவை?

விளம்பரங்களில் 192 என்ற எண் பெரிதாக அச்சாகியிருக்கும். முதலில் அதன் விலையைக் கணக்கிடுவோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு சேனல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 518 மெகாபைட். எட்டு மைக் வைத்து இரண்டரை மணி நேரக் கச்சேரி பதிந்தால் 10.4 ஜிகாபைட். 96இல் 20.7, 192இல் 41.5. சாதாரண வேவ் கோப்பு 4 ஜிகாபைட் எல்லையைத் தாண்டாது. 192இல் ஒரு ஸ்டீரியோ கோப்பு அந்த எல்லையை 62 நிமிடத்தில் தொட்டுவிடும், பிரதான உருப்படிக்கு நடுவில்கூட. இன்டர்ஃபேஸின் ஏடாட் இணைப்பில் (பல சேனல்களை ஒரே ஒளியிழைக் கம்பியில் அனுப்புவது) 48இல் எட்டு சேனல் போகும். 96இல் நான்குதான், 192இல் இரண்டுதான். மிக்ஸிங்கில் ஒவ்வொரு பிளக்-இன்னும் (மென்பொருளுக்குள் ஒலியை மாற்றும் துணைச் செயலி) இரு மடங்கு, நான்கு மடங்கு கணக்குப் போட வேண்டும். கணினி திணறினால் அது உங்கள் இசை யோசனையைத்தான் முதலில் நிறுத்தும்.

இவ்வளவு கொடுத்து வாங்குவது என்ன? பெரும்பாலான மைக்குகள் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி அதிகம் கேட்பதில்லை. மேடைகளில் எங்கும் காணும் ஷூர் எஸ்எம்58இன் எல்லை, அதன் விவரக்குறிப்பிலேயே 15 கிலோஹெர்ட்ஸ்தான். அதை 192இல் பதிந்தால் மேலே நிரம்புவது இரைச்சல். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியுமா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவையும் அதைக் குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்ததையும் கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 2016இல் ஜோஷ்வா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சரியாகச் சொன்னவை 52.3 சதவீதம், குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 வரும். பயிற்சி பெற்றவர்கள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். ஆக, வித்தியாசம் இல்லவே இல்லை என்று சாதிக்க முடியாது. ஆனால் மைக்கை நான்கு விரல் நகர்த்தினால் கிடைக்கும் வித்தியாசத்துக்கு அருகில்கூட அது வராது. அந்தப் பணத்தையும் நேரத்தையும் அறையின் எதிரொலியை அடக்குவதில் செலவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

சரி, 96க்கு உண்மையான தேவை எங்கே? ஒலி வடிவமைப்பில். ஜால்ரா, சாவிக்கொத்து போன்ற உலோக ஓசைகளில் காதுக்கு எட்டாத உயரத்திலும் ஆற்றல் இருக்கிறது. அந்த ஓசையை ஒரு ஸ்தாயி இறக்கி, பேருருவம் கொண்ட ஒலியாக மாற்ற நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். 48இல் பதிந்திருந்தால் 24 கிலோஹெர்ட்ஸ் எல்லை 12ஆக இறங்கி, ஒலி மந்தமாகிவிடும். 96இல், 40 அல்லது 50 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் மைக்கில் பதிந்திருந்தால், மேலே இருந்தவை கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்பும். வௌவால் ஒலியைப் பதிவு செய்பவர்கள் 192க்கும் மேலே போவது இதே காரணத்தால். பழைய டேப்புகளை ஆவணக் காப்பகத்துக்காக டிஜிட்டலாக்குவோரும் 96ஐப் பயன்படுத்துகிறார்கள். திரும்பச் செய்ய முடியாத வேலை என்பதால் அது நியாயம்.

தாமதம் குறையும் என்று ஒரு காரணம் சொல்வார்கள். அது மெய்தான்: 128 அளவீடுகள் கொண்ட பஃபர் (கணினி ஒரே தவணையில் கையாளும் ஒலித்துண்டு) 48இல் 2.7 மில்லிநொடி, 96இல் 1.3. ஆனால் 48இலேயே பஃபரை 64ஆக்கினால் அதே பலன், கணினிக்குச் சுமையும் ஏறக்குறைய அதே அளவு. பாடும்போது தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்பவர்கள் மைக் ஒலியைக் கணினி வழியே போகாமல் காதுக்குத் தரும், இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டர் பொத்தானை அழுத்துவதே எளிது.

மிக்ஸிங்கில் கவனிக்க வேண்டியது

96க்கு ஆதரவான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது, அதனால் நின்று பார்ப்போம். சாச்சுரேஷன், டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைப்பவை), கடுமையான கம்ப்ரெஷன் (உரத்த ஒலியை அமுக்குவது) ஆகியவை மூல ஒலியில் இல்லாத அதிர்வெண்களைப் புதிதாக உண்டாக்குபவை. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியை டிஸ்டார்ஷனுக்குள் செலுத்தினால் அதன் மும்மடங்கான 30 கிலோஹெர்ட்ஸ் பிறக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் திட்டத்தில் 30க்கு இடமில்லை. அது மடங்கி 18ஆக வந்து விழும். 44.1இல் 14.1ஆக விழும், அது இன்னும் தெளிவாகக் காதில் உறுத்தும். மூலச் சுரத்தோடு எந்த உறவும் இல்லாத ஒலி என்பதால் கரகரப்பாக, கண்ணாடித் தன்மையோடு கேட்கும்.

இதற்காக முழுத் திட்டத்தையும் 96க்கு ஏற்ற வேண்டியதில்லை. நல்ல பிளக்-இன்களில் ஓவர்சாம்பிளிங் என்ற தேர்வு இருக்கும். அதை இரண்டு அல்லது நான்கு மடங்கு என்று வைத்தால், அந்தப் பிளக்-இன் தனக்குள் மட்டும் உயர்ந்த வீதத்தில் வேலை செய்து, மேலே இருப்பதை வடிகட்டிவிட்டு, மீண்டும் 48இல் தரும். டிஸ்டார்ஷன் உள்ள ஓரிரு டிராக்குகளுக்கு மட்டும் அதைப் போட்டால் போதும். ஈக்வலைசர், ரிவெர்ப் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

பிறர் அனுப்பிய கோப்பு வேறு வீதத்தில் இருந்தால், உள்ளே இழுக்கும்போதே மாற்றித்தர மென்பொருள் முன்வரும். சம்மதியுங்கள். மாற்றிய பிறகு கோப்பின் கால அளவு அனுப்பியவர் சொன்னதோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாக வந்ததை 48ஆக மாற்றினாலும் போன தரம் திரும்பாது. மூல வேவ் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசிப் படி: வெளியே எடுப்பது

மிக்ஸ் முடிந்ததும் முதலில் திட்டத்தின் வீதத்திலேயே, 24 பிட்டில் ஒரு வேவ் கோப்பு எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அதுதான் மூலப்பிரதி. மற்றவை எல்லாம் அதிலிருந்து பிறக்கட்டும். காணொளிக்கு அதையே கொடுக்கலாம்.

குறுந்தகட்டுக்கு 44.1 தேவைப்பட்டால் மாற்றத்தை ஒரே ஒரு முறை செய்யுங்கள். 48இலிருந்து 44.1க்கு விகிதம் 160க்கு 147; இது நேர்த்தியற்ற பின்னம் என்பதால் ஒலி கெடும், 88.2இல் பதிந்து பாதியாக்குவதே மேல் என்று பழைய ஆலோசனை ஒன்று சுற்றுகிறது. இன்றைய நல்ல மாற்றிகளுக்கு இந்த விகிதம் ஒரு பொருட்டே அல்ல. ரீப்பரில் இருக்கும் ஆர்8பிரெய்ன், இலவசமாகக் கிடைக்கும் சாக்ஸ் ஆகிய இரண்டும் நம்பத்தக்கவை. தேர்வுப் பட்டியலில் வேகமானதை விட்டு உயர்தரமானதைத் தேர்ந்தெடுங்கள்; பாட்டுக்குச் சில நொடிகள்தான் கூடும்.

வரிசை மாறக் கூடாது. முதலில் சாம்பிள் ரேட் மாற்றம், அதன் பிறகு லிமிட்டர் (ஒலி குறித்த எல்லையைத் தாண்டாமல் தடுப்பது) வழியாக உச்சத்தைச் சரிபார்ப்பது, கடைசியாக 16 பிட்டாகக் குறைக்கும்போது டித்தர் (குறைப்பதால் வரும் பிழையை மறைக்கச் சேர்க்கும் மிக மெல்லிய இரைச்சல்). வீதத்தை மாற்றும்போது அலையின் உச்சங்கள் சற்றே மேலே எழக்கூடும். அதனால் ட்ரூ பீக் அளவு (அளவீடுகளுக்கு நடுவே எழும் உச்சத்தையும் கணக்கிட்டது) மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் வைத்தால் எம்பி3ஆகச் சுருங்கும்போதும் உடையாது. 24 பிட்டிலேயே வெளியே எடுப்பவர்கள் டித்தரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கோப்பின் பெயரிலேயே வீதத்தையும் பிட்டையும் எழுதுங்கள்: பாட்டின் பெயர், 48, 24 என்று. பிறகு வெளியே எடுத்த கோப்பை ஒரு புதிய, காலித் திட்டத்துக்குள் இழுத்து, மிக்ஸ் திட்டத்தின் நீளத்தோடு ஒப்பிட்டு, சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் கேளுங்கள். இரண்டிடத்திலும் சுருதி சேர்ந்தால் அனுப்பிவிடலாம்.